என்.சி. லாக்கர் கிட்டார்: காம்பவுண்ட் போட்ட பிறகும் கோடு தெரியுது

மண்டபம்வாசி:
கிட்டாருக்கு ஸ்ப்ரூஸ் மர டாப், மஹோகனி மர பேக். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் 8 கோட், கடைசிக் கோட் அடிச்சு மூணு வாரம். 1000, 1500 நம்பர் வாட்டர் பேப்பர் போட்டு, ரப்பிங் காம்பவுண்டும் தேய்ச்சாச்சு. நேரா பார்த்தா பளபளப்பு. டியூப்லைட் வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தா மெல்லிய கோடுகள், நடுநடுவே ஊசிமுனை அளவு பள்ளம். சவுண்ட் ஹோல் விளிம்பு லேசா உப்பியிருக்கு. பேக்கில் மரத்தோட துவாரம் மறுபடி தெரியுது. எங்கிருந்து ஆரம்பிக்கணும்?

கார்க்கட்டை:
800-லிருந்து. மட்டம் வராமலே 1500-க்குப் போயிருக்கு. தேய்ச்ச தண்ணியை ரப்பர் துண்டால வழிச்சுட்டுப் பாருங்க, முழுக்க ஒரே மங்கலா இருக்கணும். மினுக்குற புள்ளி எல்லாம் பள்ளம். பேப்பர் அங்க படவே இல்லை. அதை மட்டும் விரலால நோண்டினா குழி விழும், பாலிஷுக்கு அப்புறம் அலை அலையா காட்டிக்கொடுக்கும். கட்டையில பேப்பரைச் சுத்தி, அக்கம்பக்கத்தையும் சேர்த்தே இறக்குங்க. 800 நீளவாக்கு, 1000 குறுக்கே, 1500 நீளவாக்கு, 2000 குறுக்கே. திசை மாத்தினாதான் முந்தின நம்பர் கோடு போச்சான்னு தெரியும்.

தனியா ஒரே ஒரு கோடு ஆழமா ஓடினா அது கடற்கரை மணல். காத்தடிக்கிற நாள்ல ஜன்னலைச் சாத்துங்க. பேப்பர் நனைக்க ஒரு வாளி, அலச இன்னொரு வாளி.

தொண்டி_தச்சு:
விளிம்பு உப்பினது தண்ணியால. சவுண்ட் ஹோல்ல ஸ்ப்ரூஸோட வெட்டு முகம் வெறுமனே நிக்குது, ஈரத்தை உறிஞ்சிடும். அங்கயும் பிரிட்ஜ் பின் துளைகிட்டயும் தண்ணிக்குப் பதிலா மினரல் டர்பன்டைன். தின்னரைத் தொட்டுடாதீங்க, லாக்கர் கரைஞ்சுடும். மத்த இடத்துக்கும் போர் தண்ணி வேண்டாம், காய்ஞ்சா மூலையெல்லாம் உப்பு பூக்கும். ஆர்.ஓ. தண்ணியில நாலு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட் போதும்.

கீழக்கரை_பாலிஷ்:
800 சரி, ஆனா இப்ப இல்லை. துவாரம் தெரியுதுன்னா லாக்கர் இன்னும் காய்ஞ்சு உள்ள இறங்கிட்டு இருக்கு. இன்னைக்கு மட்டம் பண்ணினா மறுபடி இறங்கும். நாலு வாரம் குறைந்தபட்சம். ஐப்பசி, கார்த்திகை மழையில இன்னும் தள்ளிப் போடுங்க. மூக்கை வச்சுப் பாருங்க, தின்னர் வாசனை அடிச்சா தொடக்கூடாது.

மெஷின்னா நிமிஷத்துக்கு 1000 முதல் 1500 சுற்று, ஸ்பாஞ்ச் பேட். 11000 சுத்துற கிரைண்டர்ல பேடை மாட்டினா லாக்கர் இளகி இழுத்துக்கும். கை வச்சா வெதுவெதுப்பைத் தாண்டக்கூடாது. காம்பவுண்ட் சிலிக்கான் இல்லாததா இருக்கட்டும், பின்னால டச்சப் அடிக்க நேர்ந்தா லாக்கர் ஒட்டாம கண்ணு கண்ணா விலகும்.

மண்டபம்வாசி:
மறுபடி 800 போட 8 கோட் தாங்குமா?

கார்க்கட்டை:
நடுவுல தாங்கும், விளிம்புலதான் ஆபத்து. கட்டையை விளிம்புக்கு 5 மி.மீ. முன்னாடியே நிறுத்துங்க, ஓரத்துக்கு 1500-ஐ கையால ரெண்டு இழுப்பு. அப்படியும் மரம் தெரிஞ்சா, நல்லா காய விட்டு அங்க மட்டும் ரெண்டு மூணு கோட் அடிக்கலாம். என்.சி. பழைய கோட்டோட கரைஞ்சு ஒட்டும், புதுசா அடிச்ச இடத்தைச் சுத்தி வளையம் தெரியாது. பி.யு.வா (பாலியூரிதேன்) இருந்தா தெரிஞ்சிருக்கும்.