பச்சோந்தி ஒன்பது நாளாகச் சாப்பிடவில்லை, கிரிக்கெட் பூச்சியைக் காட்டினாலே திரும்பிக்கொள்கிறது – உதவி தேவை

கார்முகில்

வணக்கம். என்னிடம் இருப்பது ஏமன் பச்சோந்தி, வெய்ல்டு என்று சொல்வார்களே, அந்த வகை. பெயர் பாசி. வயது எட்டு மாதம் இருக்கும். மூன்று மாதக் குட்டியாக வாங்கினேன், ஆண் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

போன மாதம் வரை சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு கிரிக்கெட் பூச்சி சாதாரணமாகப் போகும். நான் கூண்டுக் கதவில் கை வைத்தாலே ஒரு கண் என் பக்கம் சுழன்றுவிடும். பிறகு ஐந்தாகக் குறைந்தது, இரண்டாகக் குறைந்தது, இப்போது ஒன்பது நாளாக ஒன்றுமே இல்லை. பூச்சியை முகத்துக்கு நேரே விட்டாலும் ஒரு கண்ணால் பார்த்துவிட்டு இலைப் பக்கம் திரும்பிக்கொள்கிறது. நேற்று ஒரு முறை வாய் லேசாகத் திறந்து நாக்கின் நுனி தெரிந்தது. அடிக்கப்போகிறது என்று மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். வாயை மூடிக்கொண்டு நகர்ந்துவிட்டது.

மீல்வார்ம் புழு கொடுத்துப் பார்த்தேன், அதையும் தொடவில்லை. தண்ணீர் மட்டும் நன்றாகக் குடிக்கிறது, முன்பைவிட அதிகம் என்றே சொல்வேன். கண் இரண்டும் திறந்துதான் இருக்கின்றன. இன்னொன்று, எப்போதும் உச்சிக் கிளையை விட்டு இறங்காத பாசி இரண்டு நாளாகக் கூண்டின் தரையில் நடக்கிறது. தப்பித்துப் போக வழி தேடுவது போல மூலைக்கு மூலை போகிறது.

என்ன செய்யலாம்? ராத்திரி தூக்கமே வரவில்லை.

வேர்க்கொடி

நண்பரே, ஒன்பது நாள் என்றதும் கலங்க வேண்டாம். நல்ல உடம்போடு இருக்கும் வளர்ந்த பச்சோந்தி ஒரு வாரம் பத்து நாள் சாப்பிடாமல் இருந்தாலும் தாங்கும். சின்னக் குட்டியாக இருந்தால் இரண்டு மூன்று நாளே ஆபத்து. ஆனால் காரணம் தெரியாமல் விட்டுவிடவும் கூடாது.

ஒரே பூச்சியை மாதக்கணக்கில் கொடுத்தால் பல பச்சோந்திகள் ஒரு கட்டத்தில் அதை வெறுத்துவிடும். என்னுடையது அப்படித்தான் ஒரு முறை பன்னிரண்டு நாள் கிரிக்கெட்டைத் தொடவே இல்லை. பட்டுப்புழு ஒன்றைக் கிளையில் ஊரவிட்டேன், அரை நிமிடத்தில் நாக்கு வந்தது. வெட்டுக்கிளி, டூபியா கரப்பான் ஆகியவற்றையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பாருங்கள்.

அதற்கு முன் சில விவரம் வேண்டும். வெயில் காயும் கிளையில் எத்தனை டிகிரி? யூவிபி விளக்கு, அதாவது வெயிலில் இருப்பது போன்ற புற ஊதாக் கதிர் தரும் விளக்கு, எந்த வகை, வாங்கி எத்தனை மாதம்? எச்சத்தில் கறுப்போடு சேர்ந்து வெள்ளையாக ஒரு பகுதி வரும், அது வெள்ளையாக இருக்கிறதா, மஞ்சளாக இருக்கிறதா? தோல் உரிக்கிற நேரமா?

ஓணான்பிரியன்

ஒன்பது நாள் அதிகம். இனியும் காத்திருக்காதீர்கள். வாயைப் பக்கவாட்டில் மெல்ல அழுத்தித் திறந்து ஒரு புழுவை உள்ளே வைத்துவிடுங்கள். ருசி பட்டுவிட்டால் மறுபடி தானாகச் சாப்பிடத் தொடங்கிவிடும்.

இலைநிழல்

கார்முகில், தயவுசெய்து வாயைத் திறக்க முயற்சி செய்யாதீர்கள். பதினோரு வருடமாகப் பச்சோந்தி வளர்க்கிறேன், இந்த ஒரு விஷயத்தில் கெட்டதுதான் பார்த்திருக்கிறேன். கால்சியம் குறைந்த பச்சோந்தியின் தாடை எலும்பு மெத்தென்று இருக்கும், அழுத்தினால் முறிந்துவிடும். உணவோ நீரோ மூச்சுக்குழலுக்குள் போகவும் வாய்ப்பு உண்டு. அதோடு, கையில் பிடித்து வாயைத் திறப்பதைப் பாம்பு பிடித்தது போலத்தான் அது எடுத்துக்கொள்ளும். அப்புறம் உங்கள் கையைப் பார்த்தாலே கறுத்துப்போகும். கட்டாயமாக ஊட்டுவது மருத்துவர் சொன்னால் மட்டும், அவர் காட்டிக்கொடுத்த முறைப்படி மட்டும்.

வேர்க்கொடி கேட்டவற்றுக்குப் பதில் சொல்லுங்கள். எனக்கு இன்னும் ஒரு கேள்வி. பாசியின் பின்னங்கால்களைப் பின்புறமிருந்து பாருங்கள். குதிகால் இருக்க வேண்டிய இடத்தில் சின்ன முள் போல ஒரு புடைப்பு இருக்கிறதா?

கார்முகில்

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வாயைத் திறக்கவில்லை.

வெயில் கிளையில் தெர்மாமீட்டர் 36 டிகிரி காட்டுகிறது. யூவிபி சுருள் பல்பு, வாங்கும்போது கூடவே கொடுத்தது, மாற்றியதில்லை. கால்சியம் தூள் வாரத்துக்கு ஒரு முறை தூவுவேன். எச்சத்தின் வெள்ளைப் பகுதி வெள்ளைதான், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மஞ்சள். தோல் உரித்து மூன்று வாரம் ஆகிறது.

அக்கா, பின்னங்கால் பார்த்தேன். டார்ச் அடித்து இரண்டு பக்கமும் பார்த்தேன். முள் எதுவும் இல்லை, வழவழவென்று இருக்கிறது.

இலைநிழல்

அப்படியானால் பாசி பெண். ஏமன் பச்சோந்தியில் ஆண் குட்டிக்கு முட்டையிலிருந்து வெளியே வரும்போதே அந்த முள் இருக்கும். பெண்ணுக்கு எந்த வயதிலும் வராது. தலையில் கொண்டை இரண்டுக்கும் உண்டு, அதனால்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள்.

நீங்கள் முதல் பதிவில் எழுதியதை மறுபடி படித்தேன். சாப்பாடு படிப்படியாகக் குறைந்தது, தண்ணீர் அதிகம் குடிக்கிறது, தரையில் இறங்கி மூலை மூலையாகத் தேடுகிறது. பாசிக்குக் கிரிக்கெட் சலித்துப்போகவில்லை. வயிற்றில் முட்டை இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

ஆண் துணை இல்லையே என்று கேட்பீர்கள். கோழி போலத்தான், இணை சேராமலே முட்டை உருவாகும், குஞ்சு பொரிக்காது, அவ்வளவே. ஐந்தாறு மாதத்திலேயே தொடங்கிவிடும். முட்டை நிறைந்ததும் வயிற்றில் சாப்பாட்டுக்கு இடமில்லாமல் போகும்.

இப்போது உடம்பைப் பாருங்கள். பச்சையில் மஞ்சளும் நீலப்பச்சையுமாகப் புள்ளிகள் தெரிகின்றனவா? வயிற்றின் இரு பக்கமும் புடைத்துத் திராட்சைக் கொத்து போல மேடுபள்ளமாக இருக்கிறதா? தொட்டு அழுத்தாதீர்கள், கண்ணால் மட்டும் பாருங்கள்.

கார்முகில்

அக்கா, இருக்கிறது. நீலப் புள்ளிகள் ஒரு மாதமாகவே இருந்தன, பெரிதானதால் நிறம் வருகிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் வயிற்றில் உருண்டை உருண்டையாகத் தெரிகிறது. சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன், 112 கிராம்.

இன்று காலை மணி பிளான்ட் தொட்டியின் ஓரத்தில் முன்னங்காலால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தது. நான் அருகில் போனதும் அசையாமல் நின்றுவிட்டது. விளையாடுகிறது என்று நினைத்தேன். இப்போது படிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

இலைநிழல்

மண்ணைக் கீறுகிறது என்றால் இன்றைக்கே ஏற்பாடு செய்யுங்கள், நாளைக்கு என்று வைக்க வேண்டாம். தோண்ட இடம் கிடைக்காவிட்டால் முட்டையை உள்ளேயே அடக்கிவைத்துக்கொள்ளும். பெண் பச்சோந்திகள் சாவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று இந்த முட்டைக் கட்டு.

ஒரு வாளி எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து உள்ளே தெரியாத வாளியாக இருக்க வேண்டும். அகலம், ஆழம் இரண்டும் 30 செ.மீ.க்குக் குறையக்கூடாது. கழுவிய மணல், அல்லது மணலும் உரமோ பூச்சி மருந்தோ கலக்காத மண்ணும் பாதிப் பாதி, குறைந்தது 20 செ.மீ. உயரத்துக்குப் போடுங்கள். 25 வரை போட்டால் இன்னும் நல்லது. ஈரம்தான் இதில் சூட்சுமம். கையில் பிடித்துப் பிழிந்தால் கொழுக்கட்டை போல நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. பிறகு கட்டைவிரலால் பக்கவாட்டில் ஒரு குழி போட்டுப் பாருங்கள், கூரை சரியாமல் நின்றால் சரி. சரிந்தால் பாசி தோண்டத் தோண்ட மண் விழும், அது வெறுத்துப்போய் விட்டுவிடும். வாளிக்குள் இறங்கி ஏற ஒரு கிளையைச் சாய்த்து வையுங்கள்.

அதன் பிறகு கூண்டின் கீழ்ப்பாதியைச் சுற்றித் துணி போட்டு மூடிவிடுங்கள். எட்டிப் பார்க்க ஒரு சின்ன இடுக்கு போதும். தோண்டும்போது யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் பாதிக் குழியை அப்படியே விட்டுப் போய்விடும். இன்று காலை உங்களைப் பார்த்ததும் நின்றது அதனால்தான். தோண்ட ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகலாம், ராத்திரி சுரங்கத்துக்குள்ளேயே தூங்கலாம். எடுத்து மேலே வைக்காதீர்கள். காலை மாலை இலைகளில் தண்ணீர் தெளிப்பது மட்டும் தொடரட்டும், வாளிக்குள் தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூண்டுக்குள் உயிரோடு ஒரு கிரிக்கெட்டும் இருக்கக்கூடாது, களைத்துக் கிடக்கும் உடம்பை அவை கடிக்கும்.

பகலில் கண்ணை மூடிக்கொள்வது, கிளையைப் பிடிக்க முடியாமல் நழுவுவது, தரையில் படுத்துக் கிடப்பது, தோண்டித் தோண்டி முட்டையே இடாமல் மூன்று நாள் போவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அதே நாளில் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும். கால்சியம் ஊசியில் சரியாவதும் உண்டு, அறுவை சிகிச்சை வரை போவதும் உண்டு. எந்த மருத்துவர் பார்ப்பார் என்று இன்றே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேர்க்கொடி

அக்கா சொன்னதுதான் சரி, நான் பூச்சியை மாற்றச் சொன்னது இந்த நிலைக்குப் பொருந்தாது. விளக்கு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். முட்டை ஓட்டுக்கும், முட்டையை வெளியே தள்ளும் தசைக்கும் கால்சியம் வேண்டும். யூவிபி இல்லாவிட்டால் கொடுக்கிற கால்சியம் உடம்பில் சேராது. சுருள் பல்பின் வீச்சு கொஞ்ச தூரத்துக்குத்தான் எட்டும். எரிகிறது என்பதால் யூவிபி வருகிறது என்றும் அர்த்தம் இல்லை, மாதங்கள் ஆக ஆக அது குறைந்துகொண்டே போகும். நீளக் குழல் வடிவ டி5, 6 சதவீத வகை வாங்கி, கிளை அதற்குக் கீழே 20 முதல் 25 செ.மீ. தூரத்தில் இருக்கும்படி வையுங்கள். கண்ணாடி வழியாக யூவிபி வராது, வலை மேலே வைக்கலாம். 36 டிகிரி அதிகம், பெண்ணுக்கு 27, 28 போதும்.

செங்காந்தள்

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் ஆண் பேந்தர் பச்சோந்தியும் நாலு நாளாகச் சாப்பிடவில்லை. ஆனால் குறி பார்க்கிறது, நாக்கையும் விடுகிறது. பாதி தூரம்கூடப் போகாமல் விழுகிறது. பூச்சி கிடைக்காமல் விட்டுவிடுகிறது.

இலைநிழல்

செங்காந்தள், உங்களுடையது பசி இருந்தும் சாப்பிட முடியாத நிலை. உடம்பு நீளத்தைவிட அதிகமாகப் போக வேண்டிய நாக்கு பாதியில் விழுவது கால்சியம் குறைபாட்டின் அடையாளமாக இருக்கலாம், நாக்கில் அடி பட்டிருக்கலாம், வாய்க்குள் புண் இருக்கலாம். வீட்டு வைத்தியம் வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை ஓடாத புழுக்களை ஒரு கிண்ணத்தில் போட்டு வாய்க்குப் பக்கத்தில் வையுங்கள், நாக்கை நீட்டாமலே எடுத்துக்கொள்ளும்.

கார்முகில்

வாளி வைத்து ஒன்றரை நாள் ஆயிற்று. முதல் நாள் எட்டிப் பார்த்துவிட்டு மேலே ஏறிவிட்டது. மணல் காய்ந்திருந்தது போல, நான் பிழிந்து பார்த்ததில் உதிர்ந்தது. வெளியே எடுத்து நனைத்துப் பிசைந்து மறுபடி வைத்தேன். இன்று மதியம் துணி இடுக்கில் பார்த்தால் வாலும் பின்னங்கால்களும் மட்டும்தான் வெளியே தெரிகின்றன. மண் பின்னால் வந்து விழுந்துகொண்டே இருக்கிறது. வீட்டில் எல்லோரையும் அந்த அறைக்குப் போகாதீர்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஓணான்பிரியன்

வாயைத் திறக்கச் சொன்னது என் தவறு. முட்டையோடு இருந்த பாசியை அப்படிப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள். என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.

கார்முகில்

இட்டுவிட்டது! நேற்று ராத்திரி உள்ளேயே தூங்கியது. இன்று காலை பார்த்தபோது குழியை மூடிக்கொண்டிருந்தது. பின்னங்காலால் மண்ணைத் தள்ளி, பிறகு திரும்பி முன்னங்காலால் அழுத்தி, அழுத்தி. பத்து மணிக்கு மேல்தான் கிளை ஏறியது. மூக்கில் ஈரமண், கொண்டையிலும் மண். கண் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரைப் பனி போலத் தெளித்தேன், இலை நுனியிலிருந்து நக்கி நக்கிக் குடித்தது.

மேலே ஏறிய பிறகு தோண்டிப் பார்த்தேன், 27 முட்டை. எடை இப்போது 79 கிராம். சாயங்காலம் பட்டுப்புழு ஒன்றை விரலில் வைத்து நீட்டினேன். இரண்டு கண்ணும் ஒன்றாக முன்னால் திரும்பின. நாக்கு வந்து விரலில் பட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இனி எப்படிப் பார்த்துக்கொள்வது, அக்கா?

இலைநிழல்

படித்ததும் எனக்கும் நிம்மதி. ஒரு வாரம், பத்து நாள் தினமும் நன்றாகக் கொடுங்கள், கால்சியம் தூவி. பூச்சிகளுக்கும் ஒரு நாள் முன்பே கீரை, கேரட் போட்டு வயிற்றை நிரப்பியிருங்கள். வைட்டமின் டி3 சேராத கால்சியம் ஒவ்வொரு வேளையும், டி3யும் மற்ற வைட்டமின்களும் சேர்ந்தது மாதம் இரண்டு முறை.

உடம்பு தேறியதும் சாப்பாட்டைக் குறையுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்று நான்கு பூச்சி. தினமும் பன்னிரண்டும் 36 டிகிரி சூடும் கிடைத்தால் உடம்பு மறுபடி முட்டையாகவே மாற்றும். என்னிடம் இருந்த பெண்களுக்குத் தீனியும் சூடும் குறைத்த பிறகு முட்டை எண்ணிக்கையும் குறைந்தது, ஒன்று ஒன்றரை வருடம் இடவே இல்லை.

முட்டைகளை எறிந்துவிடலாம், பொரிக்காது. வாளியை மட்டும் கூண்டிலிருந்து எடுக்காதீர்கள். மூன்று நான்கு மாதத்தில் மறுபடி வரலாம். ஞாயிற்றுக்கிழமை தோறும் மணலைப் பிழிந்து பார்த்து ஈரம் சேருங்கள்.