மாற்றுப்பெட்டியா, கிளைப்பெட்டியா? கைநெம்புக் கையேட்டுக்கான சொற்கள்

நண்பர்களுக்கு வணக்கம்,

நான்கு சக்கர இயக்க வண்டிகளின் டிரான்ஸ்ஃபர் கேஸை, அதாவது கியர் பெட்டியின் விசையை முன், பின் சக்கரங்களுக்கு அனுப்பும் பெட்டியை, மோட்டாரிலிருந்து கையால் தள்ளும் நெம்புகோலுக்கு மாற்றும் கையேட்டின் வரைவை முழுக்கப் படித்துவிட்டேன். வேலை விவரம் நன்றாக வந்திருக்கிறது, எந்த போல்ட்டை எப்போது தளர்த்த வேண்டும் என்பதுவரை குழப்பமே இல்லை. ஆனால் தலைப்பிலேயே வண்டி நின்றுவிடுகிறது.

> மாற்றுப்பெட்டியின் மின்மாற்றத்தைக் கைமாற்றமாக மாற்றுதல்

இதை வண்டி வேலை தெரிந்த ஒருவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். மின்மாற்றம் என்றால் அவர் டிரான்ஸ்ஃபார்மரை நினைப்பார், கைமாற்று என்றால் அவசரத்துக்கு வாங்கும் கடன், மாற்றுப்பெட்டி என்றால் பழுதானால் போட வைத்திருக்கும் உபரிப் பெட்டி. டிரான்ஸ்ஃபர், ஷிஃப்ட், கன்வெர்ட், ரீப்ளேஸ் என்று நான்கு வேலைகளை ஒரே 'மாற்று' தலையில் கட்டியிருக்கிறோம். கையேடு நெடுக இந்த நான்கும் ஒரே பத்தியில் வரப்போகின்றன, "பெட்டியையே மாற்றாமல் மாற்றும் முறையை மட்டும் மாற்றலாம்" என்று மூன்றாம் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு வாக்கியம் இருக்கிறது, எழுதியவருக்கே அது இப்போது புரியுமா தெரியவில்லை. 'மாற்று' என்பதைக் கன்வெர்ட்டுக்கு மட்டும் விட்டுவிட்டு மற்ற மூன்றுக்கும் வேறு சொல் பார்ப்போம். ரீப்ளேஸ் சுலபம், 'வேறு பெட்டி போடுதல்' போதும்.

சரி, முதலில் பெட்டி. கியர் பெட்டியிலிருந்து ஒரு தண்டு உள்ளே வருகிறது, இரண்டு தண்டுகள் வெளியே போகின்றன. பின்சக்கரத்துக்குப் போவது கிட்டத்தட்ட நேர்கோட்டில் போய்விடும், முன்சக்கரத்துக்கானது பல பெட்டிகளில் ஒரு சங்கிலி வழியாகப் பக்கவாட்டில் இறங்கி முன்னோக்கித் திரும்பும். இதற்குத்தான் போன மடலில் ஒருவர் சொன்னது:

> பகிர்வுப்பெட்டி என்றால் என்ன குறை? விசையைப் பகிர்கிறது, அவ்வளவுதானே.

குறை இருக்கிறது ஐயா. பூட்டி ஓடும் பெட்டிகளில், அதாவது தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரம் போடும் வண்டிகளில், முன்தண்டும் பின்தண்டும் ஒரே வேகத்தில் சுற்றும்படி இறுகிவிடும், விசை இவ்வளவு முன்னுக்கு இவ்வளவு பின்னுக்கு என்று பெட்டி எதையும் பங்கு போடுவதில்லை, எந்தப் பக்கம் தரையில் பிடி இருக்கிறதோ அந்தப் பக்கம் போகிறது. உண்மையில் பங்கு போடுவது டிஃபரன்ஷியல், இரண்டு தண்டுகளையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிட்டு விசையைப் பங்கிடும் கியர் தொகுதி. எப்போதும் நான்கு சக்கரத்தில் ஓடும் வண்டிகளின் பெட்டிக்குள்ளேயே நடுவில் ஒரு டிஃபரன்ஷியல் இருக்கும், அதைப் பற்றி எழுத வரும்போது 'பகிர்வி' தேவைப்படும். இப்போதே செலவழித்துவிட்டால் அப்போது கையைப் பிசைவோம். அதனால் என் முன்மொழிவு கிளைப்பெட்டி. முதல் இடத்தில் 'இயக்கக் கிளைப்பெட்டி' என்று முழுதாகப் போட்டு, அப்புறம் வெறும் கிளைப்பெட்டி. இரண்டு சக்கரத்தில் ஓடும்போது கிளை சும்மா இருந்தாலும் கிளை கிளைதான், சொல் பொய்யாவதில்லை.

அடுத்தது ஷிஃப்ட். இதில் உள்ளே நடப்பதைப் பார்த்தால் சொல் தானாக வரும். மின்வகைப் பெட்டியில் நாம் டாஷ்போர்டில் ஸ்விட்சைத் திருப்புகிறோம், கட்டுப்பாட்டு அலகு வண்டியின் வேகம், நியூட்ரல், பிரேக் எல்லாம் சரியா என்று பார்த்துவிட்டு மோட்டாருக்கு மின்சாரம் விடுகிறது, மோட்டார் ஒரு குட்டித் தண்டைத் திருப்புகிறது, அந்தத் தண்டில் சுருள் பள்ளம் வெட்டிய ஓர் உருளை, பள்ளத்தில் மாட்டிய கவைகள் முன்னும் பின்னும் போகின்றன, கவைகள் பல்வளையங்களைத் தள்ளிக் கோக்கின்றன. கைவகையில் மோட்டாருக்குப் பதில் உங்கள் கை, ஒரு நெம்புகோல், அவ்வளவுதான். இரண்டிலும் கடைசியில் ஒரு வளையம் நகர்கிறது. ஆகவே ஷிஃப்ட் = நகர்த்தல், ஷிஃப்ட் ஃபோர்க் = நகர்த்துகவை, ஷிஃப்ட் மோட்டார் = நகர்த்துமோட்டார். ஃபோர்க்குக்கு 'முள்கரண்டி' என்று வரைவில் இருப்பதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். கவை நம் பழைய சொல், கவட்டை என்று இன்றும் வாயில் புழங்குகிறது, இரண்டாகப் பிரிந்த வடிவத்துக்கு அதைவிடப் பொருத்தமாக எதுவும் கிடைக்காது. மேனுவல் ஷிஃப்ட் லீவருக்குக் 'கைநெம்பு' என்று ஏற்கெனவே பேசி முடித்தோம், அதைத் தொட வேண்டாம்.

ஆக தலைப்பு: 'மோட்டாரில் நகரும் கிளைப்பெட்டியைக் கைநெம்புக்கு மாற்றுதல்'. நீளம்தான், ஆனால் படித்தால் புரிகிறது.

அடுத்து ஹை, லோ, கிளைப்பெட்டியின் இரண்டு கியர் நிலைகள். இங்கேதான் எனக்குப் பிடிவாதம் கொஞ்சம் அதிகம். 'உயர்நிலை, தாழ்நிலை' என்று போட்டால் தாழ்நிலை ஏதோ தரம் குறைந்த நிலை போல ஒலிக்கிறது. 'குறைவேகம்' பரவாயில்லை, ஆனால் அது பாதி உண்மை. போர்க்வார்னர் நிறுவனத்தின் 1354 பெட்டியில் லோவின் குறைப்பு விகிதம் 2.48:1, நியூ பிராசஸ் (என்.பி.) நிறுவனத்தின் 231 பெட்டியில் 2.72:1. வேகம் அத்தனை மடங்கு குறைகிறது, முறுக்குவிசை ஏறக்குறைய அத்தனை மடங்கு ஏறுகிறது, ஓட்டுநர் அந்த நிலையைப் போடுவதே இரண்டாவதற்காகத்தான். அதனால் 'வலுநிலை'. ஹை என்பது பெட்டி எதுவும் செய்யாமல் 1:1 ஆக அப்படியே அனுப்பும் நிலை, அதற்கு 'நேர்நிலை'. நெம்பின் குமிழில் பொறிக்க 2-நேர், 4-நேர், 4-வலு. குமிழில் இடம் குறைவு என்றால் எண்ணும் முதல் எழுத்தும்.

இதற்கு நடுவே நியூட்ரல் என்று ஒன்று இருக்கிறது, வரைவில் அதற்கு 'நடுநிலை' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். இந்த ஒரு சொல்லில் கவனம் வேண்டும், ஏனென்றால் கியர் பெட்டிக்கும் ஒரு நடுநிலை உண்டு, இது அதுவல்ல. கிளைப்பெட்டியின் நியூட்ரலில் நெம்பு நின்றால் இரண்டு அச்சுகளும் கியர் பெட்டியிலிருந்து அறுந்து தனியாக நிற்கும். தானியங்கி வண்டியில் கியரை 'பார்க்'கில் போட்டிருந்தாலும் வண்டி உருளும், ஏனென்றால் பார்க்கின் கொக்கி கியர் பெட்டிக்குள் இருக்கிறது, சக்கரத்துக்கும் அதற்கும் நடுவே இணைப்பு இல்லை. பல மின்வகை வண்டிகளில் ஸ்விட்சில் நியூட்ரலே தெரியாது, மோட்டார் அதைக் கடந்துதான் வலுநிலைக்குப் போகும், ஆனால் ஓட்டுநருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியத் தேவையில்லை. கைநெம்பு வைத்த அன்றிலிருந்து அது அவர் கையில் வந்துவிடுகிறது. ஆகவே இதற்குத் தனிச்சொல் கட்டாயம். 'விடுநிலை' என்று வைக்கலாம். கூடவே கையேட்டில் ஒரு கட்டம் போட்டு: விடுநிலையில் கைப்பிரேக் இல்லாமல் வண்டியை விட்டு இறங்காதீர்கள்.

> மோட்டாரைக் கழற்றிவிட்டு அந்தத் தண்டிலேயே ஒரு நெம்பை மாட்டினால் வேலை முடிந்தது. இதற்கு ஏன் தனி அத்தியாயம்?

முடியாது என்பதால்தான் தனி அத்தியாயம்! கைவகைப் பெட்டியில் நெம்பு நகர்த்தும் தகட்டில் குழிகள் இருக்கும், சுருள்வில் தள்ளும் ஒரு குண்டு அந்தக் குழியில் விழுந்து 'டக்' என்று நிலையைப் பிடித்துக்கொள்ளும். மின்வகையில் பெரும்பாலும் அந்தப் பிடி மோட்டாரின் வேலை, அதன் உள்ளே இருக்கும் குறைப்புக் கியர்களை வெளியிலிருந்து எளிதில் பின்னோக்கித் திருப்ப முடியாது. மோட்டாரைக் கழற்றினால் பிடியும் அதோடு போய்விடும், குழியான சாலையில் நெம்பு தானாக நழுவும். அது போக, மின்வகையின் நகர்த்துதண்டில் பல பெட்டிகளில் ஒரு முறுக்குச் சுருள்வில் சுற்றியிருக்கும், பல்லும் பல்லும் நேருக்கு நேர் முட்டி நின்றால் மோட்டார் அந்த வில்லை முறுக்கிவைத்துவிட்டுப் போய்விடும், பற்கள் ஒத்துவரும்போது வில் தள்ளி உள்ளே கோத்துவிடும். கையால் பிடித்தால் இதே வில் நெம்பைக் கொழகொழவென்று ஆக்கும், விழுந்ததா இல்லையா என்று கைக்குத் தெரியாது. எனவே நெம்பு மட்டும் மாட்டுகிறவர் நிலையைப் பிடிக்க வெளியே ஓர் ஏற்பாடு செய்தாக வேண்டும்.

இதனால்தான் பலரும் பெட்டியையே கழற்றிவிட்டுக் கைவகைப் பெட்டி போட்டுவிடுகிறார்கள். அதற்கு வசதியும் உண்டு, ஒரே குடும்பத்தில் இரண்டு வகையும் செய்திருக்கிறார்கள்: நியூ வென்ச்சர் (என்.வி.) நிறுவனத்தின் 241 கைநெம்பு, 243 மோட்டார், அதே போல 271, 273. போர்க்வார்னர் 1354, 1356 இரண்டும் ஒரே எண்ணில் இருவகையாகவும் வந்தன. இந்த எண்களைத் தமிழாக்க வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை என நினைக்கிறேன், போன மாதம் ஒரு வரைவில் 'இருநூற்று நாற்பத்தொன்றாம் பெட்டி' பார்த்ததால் சொல்கிறேன்.

நகர்த்துமோட்டாரின் உள்ளே இருக்கும் என்கோடருக்கு 'குறியாக்கி' என்றிருக்கிறது. கணினித் துறையில் சரி, இங்கே அது எதையும் குறியாக்கவில்லை. செப்புத் தடங்கள் நான்கைந்து, அவற்றின் மேல் உரசிப்போகும் சன்னமான தகட்டு விரல்கள், எந்தத் தடம் தொடுகிறதோ அதை வைத்து மோட்டார் எந்த நிலையில் நிற்கிறது என்று கட்டுப்பாட்டு அலகுக்குத் தெரியும். ஈரம் புகுந்து செம்பில் களிம்பு ஏறினால் டாஷ்போர்டில் நான்கு சக்கர விளக்கு கண்சிமிட்ட ஆரம்பிக்கும், ஸ்விட்சைத் திருப்பினால் ஒன்றும் நடக்காது. இந்த மாற்றத்தைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த விளக்கைப் பார்த்து அலுத்துத்தான் வருகிறார்கள். 'நிலையுணரி' போதும்.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மின்காந்தக் கிளட்ச் உள்ள பெட்டிகளில் ஓட்டத்தில் 4-நேர் போடும்போது முன்தண்டைச் சுழலவைத்து வேகத்தைச் சமன் செய்வது அந்தக் கிளட்ச்தான், வயரிங்கைப் பிடுங்கியபின் அது வேலை செய்யாது, முன்சக்கர மையங்கள் (ஹப்) ஏற்கெனவே பூட்டியிருந்தால் தவிர ஓட்டத்தில் போடுவது பல்லை அரைக்கும் வேலை. இதற்கு 'மின்காந்தக் கிளட்ச்' என்றே எழுதுங்கள், உரசிணைப்பி எல்லாம் வேண்டாம். ஹப் லாக்குக்கு 'மையப்பூட்டு'. லிங்கேஜ் என்பதற்கு 'இணைகோல்', ஆனால் கேபிள் கேபிளாகவே இருக்கட்டும். நெம்பின் அடிப்பாகத்தைத் தரைத் தகட்டில் பொருத்தாமல் கியர் பெட்டியிலேயே பொருத்த வேண்டும் என்ற வரியை நீங்கள் அடிக்குறிப்பில் ஒளித்துவைத்திருக்கிறீர்கள், அதை மேலே கொண்டுவாருங்கள். இஞ்சினும் பெட்டியும் ரப்பர் தாங்கிகளில் அசையும், வண்டியின் உடல் தனியாக முறுகும், இரண்டுக்கும் நடுவே இணைகோல் இழுபட்டால் நெம்பு நிலையிலிருந்து கழன்றுவிடும். தானியங்கி கியர் பெட்டி உள்ள வண்டிகளில் பலவற்றில் வலுநிலையைக் கணினிக்குச் சொல்லும் ஸ்விட்ச் ஒன்றும் வேண்டும், இல்லையென்றால் விகிதம் தப்பு என்று அது பிழை காட்டும். அந்த ஸ்விட்சுக்குத் தனிப்பெயர் தேவையில்லை, 'வலுநிலை ஸ்விட்ச்'.

கியர், போல்ட், மோட்டார், ஸ்விட்ச், பிரேக் ஆகியவற்றைத் தொடக்கூடாது என்பது என் கட்சி. பல்லிணை என்று எழுதினால் எனக்கு ஆட்சேபமில்லை, ஆனால் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு கையில் கிரீஸோடு படிக்கிறவர் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னிணைப்பைப் புரட்ட மாட்டார்.

இன்னும் சொல் கிடைக்காமல் நிற்பது டிடென்ட் ஒன்றுதான். குண்டு, குழி, சுருள்வில் மூன்றும் சேர்ந்த ஏற்பாட்டுக்கு ஒரு பெயர் வேண்டும். 'தடுப்பான்' என்று வரைவில் இருக்கிறது, அது தடுப்பதில்லை, பிடிக்கிறது, கொஞ்சம் பலமாகத் தள்ளினால் விட்டும் விடுகிறது. 'பிடிகுழி' என்று யோசித்தேன், ஆனால் அது குழியை மட்டும் சொல்கிறது, குண்டு வெளியே நின்றுவிடுகிறது. யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். அதுவரை பட்டியலில் பிடிகுழி என்று கேள்விக்குறியோடு போட்டுவைக்கிறேன்.