பேஜ்மேக்கர் (புத்தகப் பக்கம் அமைக்கிற பழைய சொஃப்ட்வெயார்) ஃபைல் ஒண்டு திறக்கணும், மட்டக்களப்புப் பக்கம் ஆராச்சும் உதவுங்க

அப்பா போன மாசியில மோசம் போயிட்டார், அவர்ர நினைவுக் குறிப்புகளும் விமர்சனக் கட்டுரைகளும் ஒரே புத்தகமா ஆண்டுத் திவசத்துக்கு வரணும். 1978 நவம்பர் 23 சூறாவளி ராவப் பத்தி எழுதினது, வடமோடி தென்மோடிக் கூத்துக் கட்டுரைகள், எல்லாம் 2008ல பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில டைப் பண்ணி பேஜ்மேக்கர் 7ல வச்சது, ஒரு சீடியில கிடக்கு, உறையில சிவப்புப் பேனையால "கடைசிப் புரூஃப்" எண்டு அவர்ர கையெழுத்து. மூலப் பிரதியக் கறையான் அரிச்சிட்டு.

என்ட லெப்டொப் விண்டோஸ் 11, பேஜ்மேக்கருக்குப் பிறகு வந்த இன்டிசைன் சொஃப்ட்வெயார்ர புதுப் பதிப்புல திறக்குதே இல்ல, நோட்பேட்ல போட்டா வெறும் குப்பையா வருது, இன்டிசைன் சிஎஸ்6 எண்ட பழைய பதிப்பு வரைக்கும்தான் இந்த ஃபைல எடுக்கும், டவுன்ல ரெண்டு அச்சகத்துல கேட்டன், பழைய கம்பியூட்டர எறிஞ்சிட்டாங்களாம். சீடிய பென் டிரைவ்ல கொப்பி எடுத்து வச்சிரிக்கன்.

பேஜ்மேக்கரோ இன்டிசைன் சிஎஸ்6ஓ ஓடுற கம்பியூட்டர் கல்லடி, களுவாஞ்சிக்குடி, கல்முனைப் பக்கம் ஆருட்ட இரிக்கி?