புதுப்பிப்பு: பாய் பக்கம் மாறும்போதெல்லாம் தாவிய காற்றுத் திசை

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய சோலன்ட் நீரிணையில் பாய்மரப் படகில் காற்றை எதிர்த்துச் செல்கையில், காற்று மறுபக்கத்திலிருந்து பாயில் படும்படி படகைத் திருப்பியதும் உண்மைக் காற்றுத் திசை (காற்றுமானி அளப்பதிலிருந்து படகின் ஓட்டத்தைக் கழித்துக் கருவி கணக்கிடுவது) 10 பாகை தாவுகிறது, எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்று எனக்குச் சாதகமாக மாறியதாகவே காட்டுகிறது, ஏன் என்று கேட்டிருந்தேன்.

பாய்மர உச்சிக் காற்றுமானி கோணலாக இருக்கும் என்றார்கள் பலர். அதுவல்ல, கோணலென்றால் இரு பக்கமும் பிழை ஒரே திசையில் விழும், தாவாது. முதலில் படகின் வேகமானியைச் சரிபார் என்ற ஆலோசனைதான் கதவைத் திறந்தது. நீரோட்டம் நின்ற வேளையில் இரு திசைகளிலும் ஓட்டி ஜிபிஎஸ் வேகத்தோடு ஒப்பிட்டேன். வேகமானி கூடுதலாகக் காட்டியது. திருத்தியதும் தாவல் 6 பாகையானது. மிச்சம், பாய்கள் காற்றை வளைப்பதால் வருவது. அதில் பாதியை, அதாவது 3 பாகையை, உண்மைக் காற்றுக் கோணத்திலிருந்து (படகின் முனைக்கும் உண்மைக் காற்றுக்கும் இடையிலான கோணம்) கழிக்கச் சொன்னவரின் கணக்கு அப்படியே பலித்தது.

எதிர்பாராதது: மென்காற்றில் அந்த 3 பாகை போதவில்லை. கருவியில் நாம் நிரப்பும் திருத்த அட்டவணையில் ஒவ்வொரு காற்று வேகத்துக்கும் தனி எண் வேண்டும். காற்றோடு ஓடும் கோணங்களுக்கும் தனித் திருத்தம் தேவை; அதை இன்னும் நிரப்பவில்லை.