பார்வர்டு மெசேஜுக்கு நூலகர் பொறுப்பா?

வைகைக்கரை:
எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் காலையில் பேப்பர் படிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் பேப்பரை மடியில் போட்டுக்கொண்டு போனைத்தான் பார்க்கிறார்கள், அதில் வருவதைச் சத்தமாகப் படித்தும் காட்டுகிறார்கள். நூலகர் தலை நிமிர்வதே இல்லை. 2018 மே மாதம் போளூர் பக்கம் கோயிலுக்குப் போன ஒரு குடும்பத்தைப் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று ஊரே கூடி அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் செத்துப்போனார். அதைச் செய்ய வைத்தது வாட்ஸாப் வதந்தி. நாலு பேர் கூடுகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிற படித்த ஆள் ஒருவர் “இது பொய் சார்” என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி சும்மாவா கட்டுகிறோம்?

செங்கல்சூளை:
10 பைசா கட்டினால் அவர் உங்கள் குரூப்புக்கு அட்மின் ஆகிவிடுவாரா? கதவு திறப்பது, கூட்டுவது, பேப்பரை அடுக்கிக் கட்டுவது, புத்தகம் கொடுத்து வாங்குவது எல்லாம் பல ஊர்களில் ஒரே ஆள்தான். அப்புறம், எது பொய் என்று யார் சொல்வது? இன்றைக்குப் பிள்ளை பிடிக்கிறவன் கதை, நாளைக்கு ஒரு மந்திரியைப் பற்றிய கதை. 2023இல் அரசு தகவல் சரிபார்ப்பகம் தொடங்கியதற்கே கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். தனியாக உட்கார்ந்திருக்கிற நூலகர் எந்த மூலை?

பழைய கிளைநூலகர்:
31 வருடம் அந்த நாற்காலியில் இருந்தவன். “பொய் சார்” என்று சொன்னால் மறுநாளிலிருந்து அவர் நூலகத்துக்கு வரமாட்டார், அவ்வளவுதான் நடக்கும். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், திருநள்ளாறு கோயிலுக்கு மேலே போகிற செயற்கைக்கோளெல்லாம் 3 விநாடி நின்று போகிறது, நாசாவே ஆடிப்போய்விட்டது என்ற மெசேஜை என் மூக்குக்கு நேரே நீட்டினார். நான் வாயே திறக்கவில்லை. பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தில் ஈர்ப்பியல் பாடத்தைப் பிரித்து வைத்து, எழுதிப் பார்க்க ஒரு பழைய சுற்றறிக்கையின் பின்பக்கத்தையும் பேனாவையும் கொடுத்தேன். அரைமணி நேரம் உட்கார்ந்து போட்டார். பூமிக்குப் பக்கத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள் விநாடிக்கு 7 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டே இருந்தால்தான் விழாமல் இருக்கும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “நின்னா மறுபடி யாருப்பா தள்ளிவிடுறது?” என்றார். நான் கேட்கவில்லை, அவரே கேட்டார்.

செங்கல்சூளை:
அது உங்களுக்கு வாய்த்த ஆள் ஐயா, வாத்தியார். சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயம் குடிக்கிறவருக்கு எந்தப் பாடத்தைப் பிரிப்பீர்கள்? அந்த யோசனையை அவருக்குக் கொடுத்ததே உங்கள் அலமாரியில் இருக்கிற புத்தகம் என்றால்? 40 நாளில் சர்க்கரையை விரட்டலாம் என்கிற ரகம் இல்லாத நூலகம் ஒன்று காட்டுங்கள் பார்ப்போம். போனில் வருவது மட்டும்தான் வதந்தியா?

பழைய கிளைநூலகர்:
சரியான இடத்தில் அடித்தீர்கள். புத்தகக் கட்டு மேலிடத்திலிருந்து வரும், பிரித்தால் அந்த ரகமும் இருக்கும். அதைத் தூக்கிப் போட எனக்கு அதிகாரம் கிடையாது, இருந்தாலும் போட்டிருக்க மாட்டேன். ஆனால் எது கண்ணில் படுகிறது என்பது என் கையில். டாக்டர்கள் எழுதியதைக் கண்ணுக்கு நேரே வைத்தேன், மற்றதைக் கீழ்த்தட்டில் சுவரோரமாக.

முல்லைக்கொடி:
அது ஒளித்து வைப்பதுதானே ஐயா? நூலகவியல் அறிஞர், சீர்காழிக்காரர் ரங்கநாதன் 1931இல் நூலகங்களுக்காக எழுதிய ஐந்து விதிகளில் ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்று ஒன்று வருகிறதே. முட்டி வலியோடு குனிய முடியாதவருக்கு அந்த விதி இல்லையா?

பழைய கிளைநூலகர்:
வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று நாலாவது விதியும் அவர் எழுதியதுதான் அம்மா, வேண்டாத புத்தகம் தின்கிறதும் நேரம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஆனாலும் ஆமாம், ஒளித்துத்தான் வைத்தேன். கேட்டவருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன், கேட்காதவருக்குக் காட்டவில்லை. நெருடத்தான் செய்கிறது.

வைகைக்கரை:
அந்த ஒளித்து வைப்பு எனக்குச் சம்மதம், இதைத்தான் ஐயா நான் வேலை என்கிறேன். அது சரி, அந்த வாத்தியார் குரூப்பில் போய்த் திருத்தம் போட்டாரா?

பழைய கிளைநூலகர்:
நானும் கேட்டேன். “அதை அனுப்பினதே என் சம்பந்திதாம்ப்பா” என்றார்.