அம்மாவுக்கு விட்டமின் டி: அனுபவம் உள்ள ஆக்கள் சொல்லுங்கோ

வணக்கம். யாழ்ப்பாணத்திலயிருந்து லண்டனுக்கு வந்த என்ர அம்மாவுக்கு 71 வயசு. போன மார்கழியில இன்ஃபுளுவன்சா வந்து மூண்டு கிழமை படுக்கை. தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கவே கை நடுங்கினது. பிறகு இரத்தம் சோதிக்க, விட்டமின் டி சரியான குறைவு.

பகல் முழுக்க ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால இருந்துதான் வெயில் காயுறா. தோல் விட்டமின் டி உண்டாக்கிறதுக்கு வேணுமான யூவிபி எண்ட வெயில் கதிரைக் கண்ணாடி மறிச்சுப்போடும். இங்க ஐப்பசியில இருந்து பங்குனி மட்டும் வெளியில நிண்டாலும் போதாது.

2017இல 25 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில, நாளாந்தம் அல்லது கிழமைக்கொருக்கா எடுத்த டி சுவாசத் தொற்றை ஓரளவு குறைச்சிருக்கு, குறைபாடு கூடின ஆக்களுக்கு அதிகமா. ஒரேயடியா பெரிய அளவில எடுத்தது உதவேல்லை. அதால ஒவ்வொரு நாளும் குடுக்கவேணும் எண்டு நினைக்கிறன்.

தடுப்பூசி போட்டாச்சு. டொக்டர் தந்த குளிசையை அம்மா விழுங்கவே மாட்டா. வயசான ஆக்களுக்குச் சொட்டு மருந்தோ ஸ்ப்ரேயோ குடுத்த ஆராவது இருக்கிறியளோ? தயவுசெய்து சொல்லுங்கோ, குளிர் துவங்கப்போகுது.