சிறிய ஸ்டாக் வைத்திருப்பவர் ஃபிளாப்பில் குறைந்தபட்ச செக்-ரைஸ் செய்தால்

கேள்வி:

வணக்கம். ஆறு பேர் மேசையில் 5 சென்ட்/10 சென்ட் (சீட்டு போடும் முன்பே இருவர் கட்டாயமாகப் போடும் தொகைகள்) நோ-லிமிட் ஹோல்டம் போக்கர் ஆடிக்கொண்டிருந்தேன். பட்டனில் (கடைசியாக ஆடும் இடத்தில்) கிளாவர் ஏஸும் டைமண்ட் ஜாக்கும் வர, 25 சென்ட்டுக்கு ரைஸ் செய்தேன். மொத்தமே 2.50 டாலர் வைத்திருந்த பிக் பிளைண்ட்காரர் (அந்த 10 சென்ட்டைப் போட்டவர்) மட்டும் கால் செய்ததில் (அதே தொகைக்கு ஈடுகட்டியதில்), விலகியவரின் 5 சென்ட்டும் சேர்ந்து பாட் (நடுவில் சேர்ந்த பணம்) 55 சென்ட் ஆனது. ஃபிளாப்பில் (மேசையில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டுகளாக) ஹார்ட்டின் ஜாக், ஹார்ட்டின் 8, கிளாவர் 5 விழுந்தன. அவர் செக் செய்தார் (பணம் கட்டாமல் விட்டார்); நான் 25 சென்ட் கட்டினேன்; அவர் உடனே 50 சென்ட்டாக ஏற்றினார். இவ்வளவு குறைவாக ஏற்றுகிறவர் செட்டை (கையில் ஜோடி, மேசையில் அதே மதிப்பில் மூன்றாவது சீட்டு) வைத்துக்கொண்டு என்னை உள்ளே இழுக்கிறார் என்று அஞ்சி ஃபோல்டு செய்தேன் (கையை விட்டுவிட்டேன்). அது சரிதானா?

பதில் 1:

இந்தக் கையை ஃபோல்டு செய்யவே கூடாது. பாட்டில் 1.30 டாலர் கிடக்கும்போது நீங்கள் போட வேண்டியது 25 சென்ட் மட்டுமே. ஆறில் ஒரு முறை வென்றாலே கட்டுப்படியாகும். செட் என்ற பயத்தையும் எண்ணிப் பார்த்துவிடலாம். 88 (கையில் இரண்டு 8) மூன்று விதம், 55 மூன்று விதம், ஒரு ஜாக் உங்களிடமும் ஒன்று மேசையிலும் இருப்பதால் JJ ஒரே விதம், ஆக மொத்தம் 7. உங்களுக்குப் பின்தங்கிய கிங்-ஜாக், குயின்-ஜாக், ஜாக்-10 ஆகியவை மட்டுமே 24 விதங்களில் அமையும். ஹார்ட்டின் டிராக்களை (ஃபிளஷுக்கு, அதாவது ஒரே இனத்தில் ஐந்து சீட்டுகளுக்குக் காத்திருக்கும் கைகளை) இன்னும் சேர்க்கவே இல்லை. இரட்டை ஜோடிகளும் உண்டுதான், ஆனால் 8-5 போன்ற கையை எல்லாரும் பிக் பிளைண்டில் வைத்திருப்பதில்லை.

பதில் 2:

எண்ணிக்கை சரி, ஆனால் அந்த 24 விதங்களையும் அவர் ரைஸ் செய்வார் என்று எடுத்துக்கொள்வதுதான் இடிக்கிறது. இந்த மட்டத்தில், நூறு கைகளுக்கு ஒரு முறைகூட ரைஸ் செய்யாமல் கால் மட்டும் செய்துகொண்டிருப்பவர் திடீரென ஏற்றினால், நான் அதை மதிப்பேன். அப்போதும் இந்த விலைக்குக் கால் செய்துவிட்டு டர்னில் (நான்காவது பொதுச் சீட்டில்) முடிவெடுப்பேன். உங்கள் கையில் ஜோடியில்லாத கிங்-குயின் இருந்திருந்தால் கதை வேறு. மிச்சமிருக்கும் மூன்று கிங், மூன்று குயின் என ஆறு சீட்டுகள் உதவும். டர்னில் ஒன்று விழும் வாய்ப்பு 13 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, இந்தக் காலுக்குத் தேவையோ 16. அவரிடம் மிச்சமிருக்கும் 1.75 டாலர் அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டினாலும், ஜோடி விழுந்த பிறகும் செட்டிடம் தோற்கும் தருணங்கள் உண்டு என்பதால், நான் பெரும்பாலும் விட்டுவிடுவேன்.

கேள்வி கேட்டவர்:

நன்றி. அவரைப் பற்றி எந்தக் குறிப்பும் என்னிடம் இல்லை. மேசையில் அமர்ந்து பத்து கைகள்கூட ஆகவில்லை. அப்படியென்றால் கால் செய்வதா, ஆல்-இன் போவதா (எல்லாவற்றையும் தள்ளிவிடுவதா)?

பதில் 1:

முன்பின் தெரியாதவர் என்றால் ஆல்-இன். நீங்கள் இனிப் போடுவது 2 டாலர், அவர் கால் செய்தால் பாட் 5.05 டாலர், அவர் ஒருபோதும் ஃபோல்டு செய்யாதவராக இருந்தாலும் 40 சதவீதம் வென்றால் போதும். வெறும் ஃபிளஷ் டிரா ரிவருக்குள் (ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டுக்குள்) முடிவது ஏறக்குறைய 35 சதவீதம், அவர் கால் செய்யத் தேவைப்படுவதும் கிட்டத்தட்ட அதே 35தான். ஆகவே அவருக்கு அந்தக் கால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஃபோல்டு செய்தாலோ பாட்டில் கிடக்கும் 1.30 டாலர் உங்களுடையது. கால் மட்டும் செய்தால் 1.55 டாலர் பாட்டுக்கு எதிரே 1.75 டாலர் மிஞ்சும். டர்னில் ஹார்ட்டினோ 9-ஓ 7-ஓ விழுந்து அவர் மிச்சத்தை எல்லாம் தள்ளினால், இப்போது இருப்பதைவிடக் கடினமான முடிவை நீங்கள் எடுக்க வேண்டிவரும்.

பதில் 2:

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே மனிதர் 10 டாலர் ஸ்டாக்குடன் இப்படி ஏற்றியிருந்தால் ஆல்-இன் போகாதீர்கள். அங்கே கால்தான் சரி.